கோபுரப் பொந்தில் கிளி குடியேறிய கதை

கிளிகள் நியாயம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்கிறதே, அந்தப் பேச்சு இல்லை. மனிதனுக்கு எதிரே நின்று, "இது உனக்கே சரியாப் படுதா?" என்று கேட்கிற பேச்சு.

அப்போது எங்கள் ஊரில் கோபுரம் கிடையாது. நம்ப முடிகிறதா? இன்றைக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் போதும், சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் புளிசாதப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறதே, அந்தக் கீழவாசலில் அன்று இலுப்பைத் தோப்புதான் இருந்தது. மரத்துக்கு மரம் பொந்து. பொந்துக்குப் பொந்து கிளி.

கோபுரம் கட்ட வேண்டுமென்று ஊர் கூடி முடிவெடுத்தது. செங்கல் சுட விறகு வேண்டாமா? தோப்பு மொத்தமும் சூளைக்குப் போனது. கிளிகள் வீடில்லாமல் நின்றன. யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை. நல்ல காரியம் செய்கிற அவசரத்தில் மனிதனுக்குக் கண் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் பச்சைநாச்சி என்று ஒரு கிளி. முட்டையிடும் நேரம் அவளுக்கு. தங்க இடம் தேடிப் பறந்தவள் வளர்ந்துகொண்டிருந்த கோபுரத்தைச் சுற்றி வந்தாள். கொத்தனார்கள் சாரம் கட்ட என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சுவரில் வரிசையாகப் பொந்து விட்டு, அதில் மூங்கிலைச் செருகி, அதன்மேல் பலகை போட்டு நின்று வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் மேலேயிருந்து மூங்கிலை உருவிக்கொண்டே, பொந்தை அடைத்துக்கொண்டே இறங்குவார்கள். கீழ்வரிசையில் ஒரு மூங்கில் விரிசல் விட்டதால் அதை எடுத்துவிட்டு, பக்கத்தில் வேறொன்றைச் செருகியிருந்தார்கள். அந்தக் காலிப் பொந்துக்குள் பச்சைநாச்சி புகுந்துகொண்டாள். அவளைப் பார்த்து மற்ற கிளிகளும் வந்தன. மேலே எந்தப் பொந்து காலியாகிறதோ அதில் போய் உட்காரும். சாயங்காலத்துக்குள் கொத்தனார் அதை அடைத்துவிடுவார். பாவம், விரட்ட விரட்ட அவை கோபுரத்துப் பொம்மைகளின் தோளில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

இப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் மிச்சமிருந்தது பச்சைநாச்சியின் பொந்து ஒன்றுதான். அன்றைக்குத்தான் வாசல் திறப்பு. விடியும்போது முதல் வெயில் கலசத்தில் பட்டு மின்ன வேண்டும், மின்னினதும் கதவைத் திறக்க வேண்டும் என்று ஊர் வைத்திருந்த ஏற்பாடு. தவறினால் அடுத்த வருஷம்தான். கீழே எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

பெரிய கொத்தனார் சாத்தப்பன் ஒரு கையில் செங்கல் துண்டும் மறு கையில் கரண்டியுமாகப் பலகையில் ஏறி வந்தார். பொந்துக்குள் பார்த்தார். இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வாசலை அடைத்துக்கொண்டு பச்சைநாச்சி நின்றாள்.

"தள்ளிக்க தாயி. நேரமாகுது."

"எங்கே தள்ளிக்க? என் மரத்தைத்தான் எரிச்சுட்டீங்களே!"

"நானா எரிச்சேன்? ஊர் சொல்லுச்சு, எரிச்சாங்க. கோபுரத்துல ஓட்டை இருந்தா குறைன்னு ஊர்த்தலைவர் நாட்டார் சொல்லிட்டார். ஒரு பொந்து விட்டாலும் என்னை ஊரை விட்டே ஓட்டிடுவார்."

"அப்ப என் பிள்ளைங்களையும் உள்ளே வச்சுப் பூசிடு. பூசிட்டு நிம்மதியாச் சோறு தின்னு, போ!"

சாத்தப்பனுக்குச் சுருக்கென்றது. அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான். கரண்டியிலிருந்த காரை சொட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் எழவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு அலறல். சுண்ணாம்பு சுமக்கிற காமாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே! மேலே பாருங்கண்ணே! கலசம் கோணியோட நிக்குது!"

சாத்தப்பன் அண்ணாந்து பார்த்தார். சுண்ணாம்பு தெறிக்காமலிருக்க வைக்கோல் வைத்துக் கோணி சுற்றி, நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்களே, கலசங்கள் எல்லாம் அந்தக் கட்டோடு அப்படியே நின்றன. கலசம் செய்த கன்னார் அவிழ்ப்பார் என்று கொத்தனார் நினைத்திருந்தார். கொத்தனார் அவிழ்ப்பார் என்று கன்னார் நினைத்திருந்தார். இரண்டு பேரும் நினைத்துக்கொண்டே சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே படி உண்டு, ஆனால் கடைசி நிலை வரைதான். அதற்குமேல் வழவழவென்று புதுப் பூச்சு. ஏறினால் எலும்பு தேறாது.

கிழக்கே வானம் வெளுத்துவிட்டது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. சாத்தப்பன் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே உட்கார்ந்திருந்த ஆண் கிளி ஒன்று கெக்கலித்தது. "நல்லா வேணும் இவங்களுக்கு! மின்னட்டும், கோணி நல்லா மின்னட்டும்!"

பச்சைநாச்சிக்கும் சிரிப்பு வராமலில்லை. ஆனால் அவள் தாய். காரியத்தில் கண்ணாக இருந்தாள்.

"கொத்தனாரே, நாங்க அவிழ்த்தா?"

"நீங்களா?"

"கல்லு மாதிரி இலுப்பைக் கொட்டையை உடைக்கிற மூக்கு இது. நார்க் கயிறு எம்மாத்திரம்? ஆனா சும்மா இல்ல. என் பொந்து எனக்கு. அதோட, அடைச்ச பொந்தெல்லாம் எங்க சனத்துக்கு."

"நாட்டார் கேட்டா என்னம்மா சொல்லுவேன்?"

"நாட்டாரை நீ பாத்துக்க. கயிறை நாங்க பாத்துக்கிறோம்."

சாத்தப்பன் செங்கல் துண்டைக் கீழே வைத்தார். கரண்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கொத்தனாருக்கு அதற்குமேல் சத்தியம் கிடையாது.

பச்சைநாச்சி ஒரு குரல் கொடுத்தாளோ இல்லையோ, பொம்மைகளின் தோளிலிருந்து கிளிக் கூட்டம் மொத்தமும் கிளம்பியது. சற்றுமுன் கெக்கலித்தவனும்தான். கலசத்துக்குக் கலசம் பச்சை அப்பிக்கொண்டது. கொத்து கொத்தென்று கொத்தின. முடிச்சு விட்டது, புரி பிரிந்தது. கோணியைக் கவ்வி இழுத்தன. வைக்கோல் பறந்து நாட்டாரின் தலைப்பாகை மேலேயே விழுந்தது. கடைசிக் கலசத்தின் கயிறு மட்டும் மசியவில்லை. பச்சைநாச்சி மூக்கில் ரத்தம் கசியக் கசியக் கடித்தாள். அறுந்தது!

வெயிலும் வந்தது. அடேயப்பா, என்ன மின்னல்! கலசங்கள் தகதகவென்று எரிந்தன. ஊரே கையைத் தலைக்குமேல் தூக்கிக் கத்தியது. கொம்பு ஊதினார்கள், கதவு திறந்தது, காமாயி அழுதுகொண்டே குலவை போட்டாள்.

நாட்டார் மருதப்பர் தலையில் வைக்கோலோடு வந்து நின்றார். அவர் கண் நேரே சுவருக்குப் போனது.

"சாத்தப்பா, அதென்ன ஓட்டை?"

"அது ஓட்டை இல்லீங்க. வீடு."

"யார் வீடு?"

"உங்க மானத்தைக் காப்பாத்தினாளே, அவ வீடு."

நாட்டார் மேலே பார்த்தார். மூக்கில் ரத்தத்தோடு பச்சைநாச்சி குஞ்சுகளுக்கு முன்னால் நின்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர் தன் தலையிலிருந்த வைக்கோலை எடுத்து அவள் பக்கமாக நீட்டினார். "மெத்தைக்கு ஆகும், எடுத்துக்க தாயி," என்றார்.

சாத்தப்பன் கைகளைக் குவித்து மேலே பார்த்துக் கத்தினார்: "ஏய், எல்லாரும் கேளுங்க! அடைச்ச சுண்ணாம்புக் காரை இன்னும் முழுசா இறுகல. கொத்திக்குங்க!"

அதற்காகவே காத்திருந்ததுபோல் கொத்தின பாருங்கள்! பொழுது சாய்வதற்குள் பொந்துக்குப் பொந்து ஒரு சிவப்பு மூக்கு எட்டிப் பார்த்தது.

அன்று பிடித்த இடத்தைக் கிளிகள் இன்றுவரை விடவில்லை. கோபுரம் கட்டுகிற கொத்தனாரும் அன்றையிலிருந்துதான் சாரப் பொந்துகளில் சிலதை அடைக்காமல் விட்டுவிட்டு இறங்குகிறார். நீங்கள் கீழவாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, மேலேயிருந்து ஒன்று தலையை நீட்டி "கீ" என்று கத்தும். பயப்படாதீர்கள், வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, யார் வந்திருக்கிறது என்று கேட்கிறாள்.