நூல் கட்டாத செடி

பவுனாத்தாளின் மூலிகைத் தோட்டத்து வேலியோரம் நின்ற சீமை அகத்தியைக் கண்டாலே சபாபதி வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய வைத்தியச்சியிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். கற்றதைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம்.

"கப்பலேறி வந்த செடிக்கு நம்ம மண்ணுல என்னங்க வேலை?"

"படர்தாமரைக்கு நல்லாக் கேக்குமுங்க, ஐயா" என்பாள் அவள்.

ஒருநாள் அவள் வெளியூர் போயிருந்தாள். பறிக்குமுன் செடிக்கு மஞ்சள் நூல் கட்டி அனுமதி கேட்பது அவள் வழக்கம். வாத்தியாரும் அதில் தவறியதில்லை. சீமை அகத்திக்கு மட்டும் கட்டவில்லை. அந்நியனிடம் என்ன கேட்பது? வேரோடு பிடுங்கித் தீயும் வைத்தார்.

மறுநாள் காலை குப்பாயி தன் நாலு வயது மகளைத் தூக்கி வந்தாள். கை நிறையப் படர்தாமரை. பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதது. பவுனாத்தாள் இன்னும் திரும்பவில்லை.

"இந்த மண்ணுலயே பொறந்த மருந்து இருக்குது" என்று வாத்தியார் கொடிவேலி வேரைப் பச்சையாகவே அரைத்துப் பூசினார். பெருமை தாங்கவில்லை மனுஷருக்கு.

மதியம் குப்பாயி ஓடி வந்தாள். பிள்ளையின் கை கொப்புளமாகப் பொங்கியிருந்தது.

"நம்பித்தானே வந்தேன்! எம் புள்ளை கையை வேக வெச்சுப்போட்டீங்களே!"

அந்நேரம் பவுனாத்தாள் வந்து சேர்ந்தாள். வேலியோரத்துச் சாம்பலும் பிள்ளையின் கையும் கண்ணில் பட்டன. கையைத் தண்ணீரில் அலசினாள். கிணற்றடிக்குப் போய், "பொறுத்துக்க தாயி" என்று நூல்கூடக் கட்டாமல் கற்றாழை மடலை அறுத்து வந்தாள். தோல் சீவி, சோற்றைக் கழுவி, மெல்லத் தடவினாள். பிறகுதான் திரும்பினாள்.

"விஷம் போகச் சுத்தி பண்ணாத கொடிவேலியைத் தொடாதீங்கன்னு எத்தனை தரம் சொன்னேனுங்க?"

"நம்ம ஊருச் செடி... கெடுதல் பண்ணாதுன்னு..."

"செடி பண்ணலீங்க. நீங்க பண்ணுனீங்க." அவள் வேலியோரத்தைக் காட்டினாள். "எரிச்சீங்களே, அது இருந்திருந்தா இந்தக் கை வெந்திருக்குமா?"

வாத்தியார் தலை குனிந்தார். பிள்ளையின் அழுகை மெல்ல விசும்பலாகித் தணிந்தது. அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் புத்தி விடவில்லை.

"இந்தக் கத்தாழையாவது... நம்ம ஊருதானுங்களே?"

பவுனாத்தாள் பிள்ளையின் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இவகிட்டக் கேளுங்க."