கார்த்திகைப் புருஷன்

கார்த்திகை பிறந்தால் ஆவுடைக்குப் புருஷன் கிடைப்பார். தை பிறப்பதற்குள் தொலைந்தும் போவார். கல்யாணமான நாள் முதலே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. முதல் சில வருஷங்கள் பன்னிரண்டு மாசமும் அவர் வீட்டில் இருந்தார். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. இருந்த மனுஷனை மறக்க முடியவில்லை.

அவர் பெயர் கடற்கரை. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மற்ற மாசங்களில் கூலி வாங்கிய கையோடு சாராயக் கடைக்குப் போவார். வீட்டுக்கு வந்து சேர்கிறவரை வேறு யாரோ ஒருவர் என்றுதான் ஆவுடை நினைத்துக்கொள்வாள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் ஆள் தலைகீழ். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல். நெற்றி நிறையச் சந்தனம். கூலியை அப்படியே கொண்டுவந்து வாசல் நடையில் வைப்பார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருந்தாள்.

ஆனால் ஐயப்பன் போட்ட சட்டம் ஒன்று உண்டே. மாலை போட்டவர் சாமி. கட்டிய பெண்டாட்டியும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்குத் தனிப்பாய், தனித் தட்டு. விரல் நுனிகூடப் படக் கூடாது. மாலையைக் கழற்றிய பிறகு தாராளமாகத் தொடலாம். அப்போது தொடுவதற்கு அந்த மனுஷன் இருக்க மாட்டார். மலையிறங்கி ஊர் திரும்புகிற வழியிலேயே கடை இருந்தது.

ஆவுடை ஏங்கினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஐம்பதை நெருங்குகிற வயசில், சொந்தப் புருஷனுக்கு முதுகு தேய்த்துவிட ஏங்கினாள்.

அந்தத் தெருவுக்கே மாலை போட்டுவிடுகிறவர் பூதலிங்கம் குருசாமி. குருசாமி என்றதும் வெள்ளைத் தாடியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர். கடற்கரையைவிட நன்றாக இளையவர்; அவரை அண்ணாச்சி என்றும் ஆவுடையை அண்ணி முறையில் மைனி என்றும் கூப்பிடுவார். அப்பா தோளில் உட்கார்ந்து மலையேறிய காலத்திலிருந்து போய்க்கொண்டிருப்பதால் சீக்கிரமே குருசாமி ஆகிவிட்டார்.

தெருவில் இருந்த சாமிமார் அவரிடம் கேட்டதெல்லாம் வேன் எப்போது கிளம்பும், வழியில் எங்கே சாப்பாடு என்பதுதான். கேள்வி என்று கேட்டவள் ஆவுடை ஒருத்தி. அப்படிப் பார்த்தால் அவருக்கு வாய்த்த ஒரே சீடர், மாலையே போடாத அவள்தான்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் அவள் தள்ளுவண்டிக்குப் போனாள்.

"குருசாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மைனி."

"இந்த வருஷம் போடுத மாலையைக் கழட்டாமலே விட்டுற முடியாதா?"

குருசாமி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"அவுக இருக்கிற வரைக்கும்."

"அப்புறம் அண்ணாச்சி உங்களுக்கு என்னைக்கும் சாமிதான்."

"பரவாயில்ல."

"தனிப்பாய்தான்."

"பரவாயில்ல."

"நெசமாவா மைனி?"

அவள் வண்டியில் அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தாள். "கண்ணு முன்னால இருந்தா போதும்" என்றாள். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். குருசாமிக்கும் தெரியும்.

"வைத்தியம் ஏதும் பாத்தீங்களா?"

"ஒருத்தன் பொடி குடுத்தான். தெரியாம ரசத்துல கலந்து ஊத்துன்னான். வயித்தாலதான் போச்சு. மதுரையில குடியை நிறுத்த ஒரு ஹோம் இருக்குன்னாங்க. விசாரிச்சேன். அவங்க கேக்கிற தொகைக்கு வீட்டை வித்தாலும் காணாது. நாங்க இருக்கிறது வாடகை வீடு வேற."

குருசாமிக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

"ஜில்லா ஆசுபத்திரில அதுக்குன்னே ஒரு வார்டு இருக்கு மைனி. சும்மாவே பாக்காங்க."

"சும்மா பாக்கிறது என்ன வைத்தியம்? நாலு காசு வாங்குத எடத்துலதானே நல்லாப் பாப்பாங்க?"

"ஐயப்பன் எவ்வளவு வாங்குதாரு?"

ஆவுடை வேறு பக்கமாகத் திரும்பி நின்றாள். அவளுடைய உண்மையான சங்கடம் காசில் மட்டும் இல்லை.

"அவுக வர மாட்டாக குருசாமி. குடிச்சிருக்கும்போது கூப்பிட்டா, நான் என்ன குடிகாரனான்னு கேக்காக. மாலை போட்டிருக்கும்போது கூப்பிட்டா, அதான் நான் விட்டுட்டேனேங்காக. பின்ன நான் எப்பத்தான் கூப்பிட?"

குருசாமி அடுத்த சட்டையை எடுத்து விரித்தார். தண்ணீர் தெளித்தார். காலரை இழுத்து நீவினார்.

"பஜனைக்கு வாங்க மைனி" என்றார்.

ஆவுடைக்கு எரிச்சலாக வந்தது. வயிறெரிந்து ஒரு கேள்வி கேட்டால் இவர் பஜனைக்குக் கூப்பிடுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

கார்த்திகை பிறந்தது. கடற்கரை மாலை போட்டுக்கொண்டார். மறுநாளே சாயங்காலம் குருசாமி வீட்டு முற்றத்தில் பஜனை.

அந்தப் பஜனைக்குத் தெருவே திரண்டு வரும். சரணம் கேட்க மட்டும் அல்ல, கடற்கரைச் சாமிக்கு அருள் வருவதைப் பார்க்கவும்தான். மாலை போட்ட முதல் நாட்களில் அவருக்குத் தவறாமல் அருள் வரும். கை நடுங்கும். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும். போன வருஷம் கண் செருகி, பல் கிட்டி, விறைத்துக் கீழேயே விழுந்துவிட்டார். சுற்றி நின்று சூடம் காட்டி, சரணம் சொல்லி, திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். தெளிந்து எழுந்தவரிடம் பெண்கள் குறி கேட்டார்கள்.

ஆவுடைக்கு அதில் பெருமைதான். மற்ற நாளில் இவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிற தெரு அல்லவா இது? அவளும் கூட்டத்தோடு கூட்டமாக அவர் காலடியில் விழுவாள். கால் விரலைத் தொடாமல், தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அன்றும் பாட்டு ஏறுகிறபோது கடற்கரைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. "சாமி வந்துட்டாரு, சாமி வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். டோலக்கு வேகம் பிடித்தது. இரண்டு பெண்கள் அவர் காலில் விழுந்துவிட்டார்கள்.

"பாட்டை நிறுத்துங்க" என்றார் குருசாமி.

டோலக்குக்காரருக்குக் கேட்கவில்லை. குருசாமியே எழுந்து போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கடற்கரையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டார்.

"சாமி, மாலை போட்டவன் பொய் சொல்லக் கூடாது. வந்திருக்கிறது யாரு?"

கடற்கரைக்குப் பல் தந்தியடித்தது.

"ஐயப்பனா?"

"இல்ல சாமி."

"பின்ன?"

கடற்கரை சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஆவுடையையும் பார்த்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு வேணும் சாமி. காலையில இருந்து வேணும் வேணும்னு உசுரு போகுது. கழுத்துல இது கிடக்கதால கடைக்குப் போகாம இருக்கேன். எல்லா வருஷமும் இதான். ஆளுக வந்து கால்ல விழுதாங்க. நான் என்னன்னு சொல்ல?"

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். காலில் விழுந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

ஆவுடைக்கு முதலில் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் தான் கும்பிட்டது இதையா என்று. அந்தக் கோபம் நிலைக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் இந்த மனுஷன் தனியாகக் கிடந்து தவித்திருக்கிறாரே, பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நெஞ்சு வெந்தது.

"ஆசுபத்திரிக்குப் போவோமா சாமி?" என்று கேட்டார் குருசாமி.

வழக்கமான பதிலை ஆவுடை எதிர்பார்த்தாள். கடற்கரையும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் கை ஊரறிய நடுங்கிக்கொண்டிருந்தது.

"போவோம்" என்றார்.

குருசாமி ஆவுடையைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பக் கூப்பிடன்னு கேட்டீங்களே மைனி. இப்பத்தான்."

பஜனைக் குழுவின் பணம் பரமசிவத்திடம் இருந்தது. மண்டல பூசையன்று தெருவுக்கே சாப்பாடு போடுவதற்காக வீடு வீடாக வாங்கிச் சேர்த்தது.

"பரமசிவம், அந்தப் பணத்தை மைனி கையில குடுத்துரும். வைத்தியம் சும்மாதான். ஆனா அண்ணாச்சி படுத்திருந்தா கூலி கிடையாது. மைனி கூட இருக்கணும். வாடகை, பஸ்சு, சோறு எல்லாம் இருக்குல்லா?"

பரமசிவத்துக்கு முகம் மாறியது. "அன்னதானத்துக்கு வச்ச பணம் குருசாமி. ஒரு குடிகாரன் வீட்டுக்கா குடுக்கச் சொல்லுதீங்க?"

"போன வருஷம் அவரு கால்ல விழுந்த ஆளுதானே நீரு?"

பரமசிவம் எழுந்து வீட்டுக்குப் போய்ப் பணத்தை எடுத்துவந்தார். எண்ணாமலே ஆவுடை மடியில் வைத்தார்.

காத்திருக்காமல் அப்போதே ஒரு வாடகை காரைப் பிடித்து மூன்று பேரும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். வழி நெடுக கடற்கரையின் நடுக்கம் நிற்கவில்லை. ஆவுடை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு. சாமியின் மேல் பட்டுவிடக் கூடாதே.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நாடியைப் பார்த்தாள். கண்ணை விரித்துப் பார்த்தாள். போன வருஷம் விறைத்து விழுந்த கதையைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"தினமும் குடிக்கிறவங்க இப்படிச் சட்டுன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. மருந்து குடுத்துப் பக்கத்துல இருந்து பாக்கணும். அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?"

"சாமி வந்திருக்குன்னு நெனச்சிட்டோம் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியைப் போட்டு, வார்டில் கட்டில் ஒதுக்கச் சொன்னாள்.

வார்டு வாசலில் சிஸ்டர் நிறுத்தினார். "கயிறு, மாலை எதுவும் உள்ள கூடாதுங்க. எல்லாருக்கும் அதான் ரூல். கழட்டிட்டு வாங்க."

கடற்கரை மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மலைக்குப் போகாமக் கழட்டினா தோஷம் சாமி."

"போட்டது நான்தானே? தோஷம் எனக்கு வரட்டும்."

அப்படிச் சொன்ன குருசாமி மாலையில் கை வைக்கவில்லை.

"மைனி, நீங்க கழட்டுங்க."

ஆவுடை பின்னால் நகர்ந்தாள்.

"என்னால ஆகாது குருசாமி. இதைக் கழட்டின அன்னைக்கெல்லாம் நான் அவுகளைத் தொலைச்சிருக்கேன். இது கிடக்கதாலதான் அவுக இருக்காக. நீங்களே பாத்தீங்கல்லா? இதுவும் இல்லன்னா அவுகளை யாரு பிடிச்சு வைப்பா?"

சிஸ்டர் உள்ளேயிருந்து மறுபடியும் குரல் கொடுத்தார்.

கடற்கரைதான் அசைந்தார். அவள் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

ஆவுடை இரண்டு கைகளையும் தூக்கினாள். மாலை வேர்வையில் ஊறிக் கழுத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு மணி பின்மயிரில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வலிக்குமே என்று விரலை உள்ளே விட்டு, ஒவ்வொரு மயிராக விடுவித்தாள். கழுத்து சுட்டது. சாராய வாடை இல்லை, சந்தன வாசனைதான். அவர் கண்ணை மூடியிருந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பிடரியைத் தொட்டாள்.

மாலை கையோடு வந்துவிட்டது.

"குருசாமி, இனி அவுக குடிக்க மாட்டாகல்லா?"

"தெரியல மைனி."

"பின்ன எந்தத் தைரியத்துல கழட்டச் சொன்னீங்க?"

குருசாமி மாலையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் குடிக்காம இருந்தது இந்த மாலைதான் மைனி. இனி அண்ணாச்சி இருந்து பாக்கட்டும்."

ஆவுடையின் மற்றொரு கை இன்னும் அவர் பிடரியில்தான் இருந்தது.