பின்னால் கட்டிய கை

“மூணாவது பையனையும் திருப்பி அனுப்பிட்டாங்க டீச்சர்.”

வாசலில் நின்றபடியே சொன்னார் சற்குணம். ஒரு கல்லூரியில் வாலிபால் கோச். அவருக்கே ஒரு காலத்தில் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் எஸ்தர் டீச்சர்.

டீச்சர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மழை வரும்போல இருந்தது. ஆனாலும் காயப்போட்டார்.

“எங்கேருந்து அனுப்பினாங்க?”

“சம்பளத்துக்கு ஆடுற டீமுக்கு ஆள் எடுக்காங்கல்ல, அங்கேருந்துதான். காலேஜ்ல நாங்க தோத்ததே இல்ல. கோப்பை வைக்க அலமாரியில இடமில்ல. அங்க போனா ஒரே நாள்ல, ‘நீ போலாம்ப்பா’ங்காங்க.”

“முந்திப் போன ரெண்டு பேரும் இப்ப என்ன செய்றாங்க?”

“ஒருத்தன் லாரிக்கு லோடு ஏத்துறான். இன்னொருத்தன்...” சற்குணம் கொஞ்சம் நிறுத்தினார். “அவன் என்கிட்டப் பேசுறதில்ல.”

அவருக்குப் பின்னால் ரூபன் நின்றான். அவன்தான் அந்த மூணாவது பையன். வலையோரம் நின்று, அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். நெட்டையாக இருந்தான். விரல்களும் நீளம்.

“வெள்ளிக்கிழமை இன்னொரு டீமுக்கு எடுக்காங்க. அதுதான் இவனுக்குக் கடைசி. பிறகு வயசு தாண்டிரும். கையில குறையா, காலுல குறையான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

டீச்சர் பையனைப் பார்த்தார்.

“டீ குடிக்கியா ரூபன்?”

“குடிப்பான் டீச்சர்,” என்றார் சற்குணம்.

டீச்சர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். டீ போடப் போகவில்லை. மூலையில் கிடந்த பழைய பந்தை எடுத்தார்.

“அந்தப் பக்கம் வேப்பமரம். இந்தப் பக்கம் கிணறு. உனக்கு எங்க தோணுதோ அங்க தூக்கிக் கொடு.”

பந்தை வீசினார். ரூபன் தூக்கினான். வேப்பமரத்துப் பக்கம் பூப்போல இறங்கியது.

மறுபடி வீசினார். கிணற்றுப் பக்கம் போனது. கையில் பட்ட சத்தமே இல்லை.

“எப்படிக் கை, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

டீச்சர் பந்தைப் பார்க்கவே இல்லை. சற்குணத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பந்துக்கு அது காதைத் தொட்டது. இரண்டாவது பந்துக்கு முழங்காலைத் தொட்டது.

கொடியிலிருந்து ஈரத்துண்டு ஒன்றை உருவினார்.

“கையப் பின்னால கொண்டா.”

“பையன் முன்னால என்ன டீச்சர் இது, எனக்கும் வயசு அம்பதாச்சு.”

“கொண்டா.”

கொண்டுபோனார். டீச்சர் கட்டினார்.

பந்தை வீசினார். ரூபன் கையை உயர்த்தினான். கண் மட்டும் கோச் பக்கம் போனது. பந்து தோளில் பட்டு மண்ணில் விழுந்தது.

இன்னொரு முறை வீசினார். பந்து நேரே மேலே போய் அவன் காலடியிலேயே விழுந்தது.

“மரம் இருக்கு, கிணறு இருக்கு. ஏதாவது ஒரு பக்கம் போடு மக்கா.” டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார்.

“எந்தப் பக்கம் டீச்சர்?” என்றான் ரூபன்.

தூறல் விழ ஆரம்பித்தது. யாரும் துணி எடுக்கப் போகவில்லை.

“மேட்ச்ல எந்தப் பக்கம்னு பெஞ்சுல இருந்து நானே பாத்துக் கையால சொல்லிருவேன்,” என்றார் சற்குணம். யாரும் கேட்காமலே சொன்னார். “சின்னப் பையன். அவனுக்கு எதுக்கு அந்தப் பாரம்னு...”

டீச்சர் பந்தை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள தேறிருவானா?”

“என்கிட்ட ஏன் கேக்க? போறானா இல்லியான்னு அவன்கிட்டக் கேளு.”

அப்படிக் கேட்கலாம் என்று சற்குணத்துக்கு அதுவரை தோன்றியதில்லை. கட்டிய கையோடு திரும்பினார்.

“ரூபன், வெள்ளிக்கிழமை போறியா மக்கா?”

ரூபன் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தான்.

மழையில் நனைந்தபடி, கோச்சின் முதுகுப் பக்கம் மெல்ல எட்டிப் பார்த்தான், அந்தக் கை எதைத் தொடுகிறது என்று.