காந்தத்தில் ஒட்டாதது

“என்னோட யாரும் சாப்பிட உட்கார மாட்டேங்கறாங்க மேடம்.”

சொல்லி முடிப்பதற்குள் இசைவாணிக்குக் குரல் பாதியாகிவிட்டது. உணவில் கலக்கும் செயற்கைச் சாயங்களைக் கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி. பேச்சு அவளுக்கு வராது.

வழிகாட்டியான ரெபேக்கா மேடம் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை.

“ஏனாம்?”

“மெஸ்ஸுக்குள்ள நுழைஞ்சாலே, ‘ஃபுட் இன்ஸ்பெக்டர் வர்றா, தட்டை மூடுங்கடி’ங்கறாங்க. இப்ப நித்திலாவும் ரூம் மாத்திக்கறா. இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பெட்டி கட்டறா.”

நித்திலா அவளுடைய அறைத்தோழி. விடுதியில் அவளை ‘வாணி’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

“அவளை என்ன பண்ணின?”

“என் பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டித் தந்தா.”

“ம்.”

“அதை அப்படியே பாட்டில்ல போட்டு இங்க கொண்டுவந்துட்டேன்.”

“சாப்பிடலையா?”

“இல்ல மேடம். சாயம் அளவுக்கு மேல இருந்துச்சு. ரிசல்ட்டை பிரிண்ட் எடுத்து அவ தலையணை மேல வெச்சேன். அவ நல்லதுக்குத்தான்.”

மேடம் குழாயை மூடினார்.

“ரிசல்ட் சரிதானா?”

“சரிதான் மேடம்.”

“கேசரி மிச்சம் இருக்கா?”

“ஃப்ரிட்ஜில இருக்கு.”

“என் முன்னாடி செய்.”

செய்தாள். கேசரியை வெந்நீரில் கரைத்து வடிகட்டினாள். ஆரஞ்சு நிறத் தண்ணீர் இறங்கியது. அதில் அவளே தயாரித்த கருப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கினாள். பாட்டிலின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தாள்.

பொடி ஊர்ந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சாயம் பொடியோடு போய்விட்டது. தண்ணீர் வெளுத்தது.

“பாத்தீங்களா மேடம்? சாயத்தைத் தவிர வேற எதையும் பிடிக்காது.”

அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

காந்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலத் தண்ணீரைத் தொட்டியில் சாய்க்கப் போனாள்.

மேடம் ஒரு பீக்கரை நீட்டி அதை ஏந்திக்கொண்டார்.

“இது என்ன?”

“அது வேண்டாததுதான் மேடம். கீழ ஊத்திடுவோம்.”

“இதுல என்ன இருக்கு?”

“சர்க்கரை... ஏலக்காய்... தெரியலை மேடம். அதை நாம பாக்கறதில்லையே.”

மேடம் பீக்கரை அவள் கையில் கொடுத்தார்.

இன்னும் சூடு இருந்தது. இசைவாணி முகத்தருகே கொண்டுபோனாள். ஏலக்காய் வாசனை. அதற்கடியில் லேசான தீய்ந்த வாடை.

விடுதியில் அடுப்பு கூடாது. அன்று நித்திலா தண்ணீர் காய்ச்சுகிற கெட்டிலில்தான் கேசரி கிண்டினாள். வராந்தாவில் வார்டன் செருப்புச் சத்தம் கேட்டதும், சுடச்சுட அந்தக் கெட்டிலைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ‘ஒண்ணுமில்ல மேடம், வயித்து வலி’ என்றாள். கிண்ட முடியாமல் கேசரி அப்போதுதான் அடிப்பிடித்தது. வார்டன் போன பிறகு துப்பட்டாவை விலக்கிச் சிரித்தாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

இசைவாணி பீக்கரைத் தொட்டியில் ஊற்றாமல் மேசை மேல் வைத்தாள்.

“மேடம், இதை எந்த மெஷின்ல வெச்சு அளக்கறது?”

மேடம் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

“அஞ்சு மணிக்குன்னுதானே சொன்ன?” என்றார். “இப்ப மணி என்ன?”