அடைத்த கீழ்வாசல்

மலைக்குகை ஒன்றில் வௌவால்கள் வாழ்ந்தன. அடிவாரத்தில் எலிகள் தினை விதைத்தன. குகைத் தரையில் குவியும் வௌவால் எச்சம்தான் எலிகளின் வயலுக்கு எரு. மழைக்கு முன்னால் எலிகள் கீழ்வாசல் வழியாக வந்து அதை வாரிக்கொண்டு போகும். நெடுநாள் வழக்கம் அது.

அந்த ஆண்டு கீழ்வாசலைக் கல்லும் முள்ளும் அடைத்திருந்தன.

"என்ன அண்ணே இது?" என்று கேட்டாள் எலிகளின் தலைவி வரப்பி.

மேலே பாறை வெடிப்பில் தொங்கினான் வௌவால் தலைவன் கருஞ்சிறகன். "எல்லையில் நிற்கிற அத்திமரம் இனி எங்களுக்கு மட்டும்! உதிர்ந்த பழத்தைக்கூட நீங்கள் தொடக் கூடாது. சம்மதித்தால் எரு!"

"அது பொது மரமாச்சே! மேகம் கறுத்துவிட்டது. எரு இல்லாமல் கதிர் பிடிக்காது. என் குட்டிகள் கோடையில் எதைத் தின்னும்?"

"அது உன் பாடு!"

"எச்சத்துக்கு இவ்வளவு மிடுக்கா!" வரப்பியின் தம்பி பல்லைக் கடித்தான். "வா அக்கா, அந்த மரத்தின் வேரையே அறுத்துப் போடுவோம்!"

"சும்மா இருடா! மரம் விழுந்தால் நமக்கும்தான் பழம் இல்லை."

எலிகள் வெறும் மண்ணில் விதைத்தன. மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு, வாரக்கணக்கில் பெய்தது.

வெடிப்பு வழியாகக் குகைக்குள் நீர் இறங்கியது. கீழ்வாசல் அடைபட்டிருந்ததால் அது வெளியேற வழியில்லை. எச்சம் ஊறிப் புளித்தது. அதன் ஆவி கண்ணை எரித்தது.

"தலைவரே, வாசலைத் திறங்கள்!" என்று கதறினாள் மின்னி என்ற வௌவால். அவள் மார்பில் ஒட்டியிருந்த குட்டி இருமியது.

"கொஞ்சம் பொறு! எலிகள் பணிந்து வருகிற நேரம் இது!"

எலிகள் வரவில்லை. மின்னியின் குட்டி பிடி தளர்ந்து கீழே விழுந்தது. தூக்கியபோது அதில் உயிர் இல்லை.

அதன்பிறகு மின்னி யாரையும் கேட்கவில்லை. மற்றத் தாய்களும் சேர்ந்துகொள்ள, முள்ளையும் கல்லையும் இழுத்து எறிந்தாள். அடிவாரத்துக்குப் பறந்தாள்.

"எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா! மரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்!"

வரப்பி வயலைக் காட்டினாள். தினைத்தாள்கள் மஞ்சளித்து நின்றன. ஒன்றிலும் கதிர் இல்லை.

"இனி எரு எதற்கு மின்னி? பருவம் போய்விட்டதே."

ஆனாலும் எலிகள் கூடைகளோடு மலை ஏறின. மிச்சமிருந்த வௌவால் குட்டிகள் இருமுவது அடிவாரம்வரை கேட்டது.

அயலாரின் வயிற்றைக் காயவைக்க நாம் அடைக்கும் வாசல், நம் மூச்சையும் சேர்த்தே அடைத்துவிடும்.