பூவணன் கட்டிய கயிறு

விளக்குக்கும் தாளிப்புக்கும் தலைக்கும் ஊரெல்லாம் ஒரே செக்கு எண்ணெய் ஓடிய காலம் அது. அந்தக் காலத்தில், மருதங்குறிச்சி என்ற ஊரில், பூவணன் என்று ஒருவன் செக்கு ஆட்டிப் பிழைத்து வந்தான்.

நல்லவன்தான். அளவு குறைக்க மாட்டான், எண்ணெயில் கலப்படம் செய்ய மாட்டான். ஆனால் கோபம் வந்தால் மட்டும் லேசில் போகாது. பாயை விரித்து அங்கேயே படுத்துக்கொள்ளும்.

அவன் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் அவனும் மனைவி வெள்ளையம்மையும் படுப்பார்கள். ஒன்றில் எண்ணெய்ச் சாடிகள் இருக்கும். மூன்றாவது அறை பூட்டிக் கிடந்தது. அது அவன் தம்பி மாசாணத்தின் அறை.

பல வருஷங்களுக்கு முன் தம்பி ஒரு கிழ மாட்டை அண்ணனைக் கேட்காமல் விற்றுவிட்டான். “என்னைக் கேட்காம எப்படிடா விக்கலாம்?” என்று இவன் கத்தினான். “கேட்டா மட்டும் காது கொடுத்திருப்பியா?” என்று அவன் கத்தினான். தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டான். “இந்தக் கதவை இனிமே திறந்தா நான் பூவணன் இல்லை” என்று இவன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான்.

ஒரு கிழ மாட்டுக்கு! சிரிக்கிறீர்கள், தெரிகிறது. உங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் இதைவிடப் பெரிய காரணத்துக்கா வந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, கதைக்கு வருகிறேன். பூவணனுக்கு உலகன் என்று ஒரே மகன். படுக்க இடமில்லாமல் செக்குக்குப் பக்கத்துக் கொட்டகையில் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுப்பான். பக்கத்து ஊரில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அம்மா வீடு பார்க்க வந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்.

“பையன் தங்கம். ஆனா என் பொண்ணைப் புண்ணாக்கு மூட்டைக்கு நடுவுல படுக்க வைக்க என் மனசு ஒப்பாது. தை பொறக்கிறதுக்குள்ள அதுங்களுக்குன்னு ஒரு அறை இருக்கணும். இல்லைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடுவோம்.”

பெற்றவள் சொல்வதில் என்ன தப்பு? உலகன் மட்டும் அன்று சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வெள்ளையம்மை பூட்டிய கதவை ஒரு தரம் பார்த்தாள். பூவணன் உடனே கூரையைப் பார்த்தான். “வீட்டை வெளிப்பக்கமா இழுத்து ஒரு அறை கட்டிடலாம்” என்றான்.

முதலில் வாசல் பக்கம் போய் நின்றான். உச்சி வெயில் நேரம். மாடு மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. செக்கைச் சுற்றிலும் வெட்டவெளி. “சும்மா கிடக்கிற இடம்தானே! இங்கேயே கட்டிடலாம்” என்றான்.

“கொத்தனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நாலு முளை அடிச்சுக் கயிறு கட்டுங்க” என்றாள் வெள்ளையம்மை. “ரெண்டு நாள் கிடக்கட்டும். யார் தடுக்கி விழறாங்கன்னு பார்ப்போம். சுவரை இடிக்கிறதைவிடக் கயிறை அவுக்கிறது லேசு.”

அவனும் கட்டினான். வெயில் தாழ்ந்ததும் மாட்டைச் செக்கில் பூட்டினான். பாதி வட்டம் சுற்றுவதற்குள் மாட்டின் கால் கயிற்றில் மாட்டிக்கொண்டது. ஒரு இழுப்பு இழுத்தது. முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு என்ன கேடு வந்தது என்பது போல மாடு அவனைத் திரும்பிப் பார்த்தது.

மாடு சுற்றினால்தானே எண்ணெய், எண்ணெய் இருந்தால்தானே சோறு! பகலெல்லாம் மாட்டை ஓட்டுகிறவனுக்கு, மாடு படுத்திருந்த நேரத்தில் அது சுற்றும் வட்டம் மறந்துபோயிற்று. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்தது தெற்குப் பக்கம். வீட்டுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு துண்டு இடம். “சும்மா கிடக்கிற இடம்தானே!” என்று முளை அடித்துக் கயிறு கட்டினான்.

மறுநாள் காலையில் ‘ஐயோ’ என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு மூக்காயி விழுந்து கிடக்கிறாள். குடம் உடைந்து சில்லு சில்லாகச் சிதறியிருந்தது. மூக்காயிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பூவணன் வீட்டுச் சுவரைத் தடவித் தடவித்தான் தினமும் கிணற்றுக்குப் போய் வருவாள்.

“யாருப்பா இங்க கயிறு கட்டினது?”

“நான்தான் அத்தை. இங்க ஒரு அறை இழுக்கலாம்னு...” என்று அவளைத் தூக்கி உட்கார வைத்தான்.

“தாராளமா இழுத்துக்கோ. உன் இடம்தானே. இனிமே நான் எந்தச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும்னு மட்டும் சொல்லிடு.”

அறை வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்; சுற்றிப் போகவோ கையால் பிடிக்க ஒன்றும் இல்லை, முள்வேலிதான். பூவணன் எழுந்து ஓடினான். புதுக் குடம் வாங்கி, தானே தண்ணீர் இறைத்துக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்தான். கயிற்றையும் அவிழ்த்துவிட்டான்.

மார்கழி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம்தான். உலகன் புண்ணாக்கு மூட்டைகளை முறைத்துக்கொண்டே இருந்தான்.

மிச்சம் இருந்தது கொல்லை ஒன்றுதான். “இது நிச்சயமா சும்மா கிடக்கிற இடம்” என்று பூவணன் அங்கே கயிறு கட்டினான். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. யாரும் தடுக்கி விழவில்லை. “பார்த்தியா! நாளைக்கே கொத்தன் வரட்டும்” என்று துள்ளிக் குதித்தான்.

வெள்ளையம்மை சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தபோதுதான் அவன் தரையைப் பார்த்தான். புல்லுக்கு நடுவே ஒற்றையடித் தடம் ஒன்று, கொல்லைக் கதவில் தொடங்கி, கயிற்றுக்கு அடியில் புகுந்து, வேலி வரைக்கும் போயிருந்தது. நடந்து நடந்து தேய்ந்த தடம்.

மறுநாள் விடிகிற நேரத்தில் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். கையில் மூடிய சட்டியோடு வெள்ளையம்மை வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்தாள். கயிற்றைப் பதனமாகத் தாண்டினாள். வேலிச் சந்து வழியாக ஒரு கை வந்து சட்டியை வாங்கிக்கொண்டது. கட்டைவிரலில் நகம் இல்லாத கை. சின்ன வயதில் செக்கில் நசுங்கிய விரல். அப்போது அந்த விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு கூடவே அழுதவன் பூவணன்தான்.

இப்போதோ கோபம்தான் தலைக்கேறியது. “அடியே!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். கயிறு நினைவிருந்தால்தானே! இரண்டு காலும் மாட்டி, குப்புற விழுந்தான். வாயெல்லாம் மண்.

வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். “அண்ணே! அடிபட்டுச்சா அண்ணே?” என்று தூக்கி நிறுத்தினான். தன் துண்டால் அண்ணன் வாயைத் துடைத்தான்.

எத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்ட ‘அண்ணே’ அது! பூவணனுக்குத் திட்ட வந்த வார்த்தை வாயிலேயே நின்றுபோயிற்று.

“சட்டியில என்ன?” என்று கேட்டான்.

“கஞ்சி அண்ணே. என் பொண்டாட்டிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியலை. இத்தனை வருஷமா எங்களுக்கு ஒண்ணுன்னா மதினிதான் கொண்டுவந்து கொடுக்குறாங்க.” தம்பி முளைகளைப் பார்த்தான். “இது என்ன கயிறு?”

“உலகனுக்கு ஒரு அறை கட்டணும். இல்லைன்னா கல்யாணம் நடக்காது.”

“ஏன், என் அறை இருக்கே!”

“அது உன் அறைடா.”

“என் அறைங்கிறதாலதான் சொல்றேன். என் அண்ணன் மகனுக்குக் கொடுக்க மாட்டேனா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணே.”

பூவணன் தலை குனிந்தான். கேட்கவில்லை என்றுதானே இத்தனை வருஷம் தம்பியைக் கோபித்தான்? அவன் மட்டும் யாரைக் கேட்டான்? கயிற்றைக் கட்டும்போது மூக்காயியைக் கேட்டானா? கதவைப் பூட்டும்போது தம்பியைக் கேட்டானா? அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

“கதவைத் திறந்தா நான் பூவணன் இல்லைன்னு சொல்லிட்டேனேடா...”

“அதுக்கென்ன? நான் எப்பவும் உன்னை அண்ணேன்னுதானே கூப்பிடுவேன்” என்றான் மாசாணம்.

பூட்டு துருவேறி இறுகிப் போயிருந்தது. செக்கு வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றியதும் சாவி திரும்பியது. அறையைக் கழுவி மெழுகி, முதலில் தம்பி மனைவியை அங்கே படுக்க வைத்து, காய்ச்சல் விடும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் தேறி எழுந்து குடிசைக்குப் போனபோது, இடையில் வேலி இல்லை.

தை பிறந்தது. பெண்ணின் அம்மா வந்தாள். வெள்ளையடித்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கட்டினீங்க?” என்று கேட்டாள்.

“கட்டலை சம்பந்தி,” என்றாள் வெள்ளையம்மை, “திறந்தோம்.”

அந்தத் தையிலேயே கல்யாணம். உலகன் மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று ஊரெல்லாம் சிரித்தார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் இடம் போதவில்லை என்றால், வெளிச்சுவரைத் தள்ளிக் கட்டுவதற்கு முன், கோபத்தில் பூட்டிய கதவை முதலில் திறக்க வேண்டும்.