அரசாணிக்காயை ஏன் காம்போடு அறுக்கிறோம்

செடிகொடிக்கும் ஆடுமாட்டுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், சீரங்காயி என்ற ஒருத்தியின் மேல் அபாண்டம் சுமத்தினார்கள். பரணில் இருந்த அரசாணிக்காய் அத்தனையும் அவள் கை பட்டுத்தான் அழுகியது என்றார்கள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாலு வயது மகள் பாவாயியை மட்டும் நிறுத்திக்கொள்வது என்று முடிவும் செய்தார்கள். பரணேறிய பின் அந்தக் காய்களை அவள் தொடவே இல்லை. தொடவிடவும் இல்லை. அநியாயம் இவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அரசாணிக்காய் என்றால் வேறொன்றும் இல்லை, பரங்கிக்காய்தான். கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில், வானம் பார்த்த நிலத்தில், அதற்கு அந்தப் பெயர். ஆடியில் விதை போட்டால் மார்கழி கடைசியில் முற்றும். சித்திரை, வைகாசியில் காட்டில் ஒரு பச்சையும் இருக்காது. அப்போது கம்பஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருப்பது பரணில் ஏற்றிவைத்த இந்தக் காய் ஒன்றுதான். பரண் காலியானால் வீட்டின் வயிறும் காலி.

அந்த வருடம் கொடி வைத்தவள் சீரங்காயி. குப்பைமேட்டு ஓரம் குழி எடுத்து, ஆட்டுப்புழுக்கை போட்டு, சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதையை ஊன்றினாள். பிஞ்சு இறங்கியதும் ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் வைத்தாள், மண்ணின் ஈரம் தாக்கக் கூடாது என்று. காய்கள் பேசும். காம்புதான் அவற்றுக்கு வாய்.

"இன்னும் எத்தனை நாளு?" என்று கேட்பாள்.

"நகத்தால கீறிப் பாரு. கீறல் விழுந்தா நாங்க இன்னும் பச்சப்புள்ளைங்க," என்று காய்கள் சொல்லும். "காம்பு கட்டையா ஆகோணும். அதுவரைக்கும் கைய வெக்காத."

மார்கழி நடுவில் அவளுடைய மூத்தார் மாரப்பன் காட்டுக்கு வந்தார். புருஷனின் அண்ணன், வீட்டுப் பெரியவர். பக்கத்து வீட்டுக்காரர் நேற்றே காய் இறக்கிவிட்டார் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்கே இறக்கிப்போடலாம்," என்றார்.

"இன்னும் பத்து நாளு விடுங்க மாமா. காம்பு காயலீங்க. பனி வேற காய்ல அப்படியே நிக்குது."

"காய் பறிக்க நீ எனக்குச் சொல்லித் தர்றயா? போ, போய் அடுப்பைப் பாரு."

காம்பைக் காயோடு விட்டு அறுக்க வேண்டும் என்றாள். கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் பரணில் எப்படி அடுக்குவது என்றார். கத்தி எடுத்து வரவும் அவருக்குப் பொறுமை இல்லை. முதல் காயைப் பிடித்துத் திருகினார்.

"ஏனுங்க பெரியவரே, அது என்ற வா—" என்றது காய். அதற்கு மேல் சத்தம் இல்லை. காம்பு அவர் கையில் இருந்தது.

மாரப்பன் ஒரு நொடி நின்றார். அவருக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. பிறகு இரண்டாவதைத் திருகினார், மூன்றாவதைத் திருகினார். பொழுது சாய்வதற்குள் காடு ஓய்ந்துவிட்டது. பனி ஈரத்தோடு காய்களைப் பரணில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏணியைத் தன் கட்டிலுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். "பரண் ஆம்பளைங்க பொறுப்பு. ஒருத்தரும் ஏற வேண்டாம்."

மாசி பிறந்ததும் பரணிலிருந்து வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்றார் மாரப்பன். பங்குனியில் பரண் இடுக்கு வழியாக மஞ்சள் தண்ணீர் சொட்டிற்று. ஏணி போட்டுப் பார்த்தால் காய்கள் கைவைத்த இடமெல்லாம் குழைந்தன.

யாராவது தப்பு செய்திருக்க வேண்டும். அது தானாக இருக்க முடியாது என்பதில் மாரப்பனுக்குச் சந்தேகமே இல்லை. "இவ தூரமான நாள்ல, அந்தத் தீட்டோட, எனக்குத் தெரியாம பரணேறித் தொட்டுட்டா," என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார்.

ஊர்ப்பெரியவர் செங்கோடன் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். முழுக்க அழுகாமல் மிச்சமிருந்த அரைகுறைக் காய்களைக் கூடையில் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். மரத்தில் கட்டியிருந்த வெள்ளாடு எட்டிப் பார்த்தது.

"சண்டைய நீங்க வெச்சுக்குங்க. கூடைய இப்படித் தள்ளுங்க," என்றது.

"கம்முனு இரு," என்றார் செங்கோடன். "சீரங்காயி, நீ தொட்டயா?"

"இல்லீங்க. ஏணியே அவிய கட்டிலுக்குப் பின்னால இருந்துச்சுங்க. எப்படிங்க ஏறுவேன்?"

"காயையே கேளுங்க," என்றார் மாரப்பன். தெரிந்துதான் சொன்னார்.

செங்கோடன் குனிந்து கேட்டார். "இவ தொட்டாளா? தொடலைன்னா தொடலைன்னு சொல்லுங்க." காய்கள் பேசவில்லை. மறுபடி கேட்டார். ஒரு பக்கம் குழைந்த காய் ஒன்று கூடையில் மெல்லச் சரிந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? இல்லைன்னு ஒரு காய் சொல்லுச்சா?" என்றார் மாரப்பன்.

வாயைத் திருகி எறிந்துவிட்டு, வாய் திறக்கவில்லை, அதனால் ஒப்புக்கொண்டது என்கிறார். கூட்டத்தில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. சீரங்காயி புருஷன் வேலப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியே அறியாதவன். அவன் காம்பை எந்த வயதில் யார் திருகினார்களோ.

"வெயில் தாழறதுக்குள்ள கெளம்பிக்க அம்மிணி," என்றார் செங்கோடன். "கொழந்தை இங்கயே இருக்கட்டும்."

பாவாயி அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாரப்பனின் மனைவி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல்தான் கடைசியாகப் பிரிந்தது.

"இன்னொரு காய் இருக்குதுங்க," என்றாள் சீரங்காயி.

அது ஆட்டுக்கொட்டகைக் கூரைமேல் படர்ந்த கிளையில் காய்த்தது. இலைக்குள் மறைந்திருந்ததால் மாரப்பன் கண்ணில் படவில்லை. தை பிறந்து, காம்பு கட்டையானபின் அவளே அறுத்தாள், நாலு விரற்கடை காம்பு விட்டு, கத்தியால். பத்து நாள் வெயிலில் வைத்தாள். பிறகு அடுப்படி மூலையில் வைக்கோல்மேல் வைத்து, தினமும் கையால் துடைத்துத் திருப்பி வைத்தாள். ஒளிக்கவெல்லாம் இல்லை. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதருக்கு அது தெரியாமல் போனதற்கு அவள் என்ன செய்வாள்?

காயையும் அரிவாள்மணையையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, காயைக் கட்டில்மேல் வைத்தாள். செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு, நான் கேக்கறேன். நீ எந்தக் கொடிக்—"

"வேண்டாமுங்க," என்று குறுக்கே வந்தாள் சீரங்காயி. ஊர்ப்பெரியவர் பேச்சை ஒரு பெண் அறுத்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. "காம்பு காஞ்சுபோச்சுங்க. ஒரு வார்த்தைக்குத்தான் அதுல ஈரம் இருக்கும். கேக்கறதை நான் கேக்கறனுங்க."

"இவ வளத்த காய் இவளுக்கு ஏத்தாப்பலதான் சொல்லும்," என்றார் மாரப்பன்.

"எல்லாக் காயும் நான் வளத்ததுதானுங்க மாமா. அதுங்களைக் கேக்கச் சொன்னப்ப இதைச் சொல்லலையே நீங்க."

ஆடு கனைத்தது. செங்கோடன் மீசையைத் தடவிக்கொண்டு, "கேளு," என்றார்.

நான் நல்லவளா என்று கேட்கலாம். மாரப்பன் பொய் சொல்கிறாரா என்று கேட்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்த கேள்விகளை அவள் விழுங்கினாள். ஒன்று தவறினால் பாவாயி இல்லை. காயின் அருகில் குனிந்து நிதானமாகக் கேட்டாள்.

"கொடியில இருந்து எறக்குன பொறவு என்ற கை பட்ட காய் எது எது?"

காய் பேசவில்லை. கூட்டத்தில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாரப்பன் வெற்றிலையை மடித்தார். அப்போது காம்பு கிறீச்சென்றது.

"நான் ஒருத்திதான்."

அதோடு காம்பு மரமாகிவிட்டது.

சீரங்காயி அரிவாள்மணையை இழுத்துப் போட்டு காயை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே முட்டையின் மஞ்சள்கரு நிறம், கெட்டிச் சதை, ஈரம் கசியாத விதை. கூடையில் இருந்த காய்களையும் ஒவ்வொன்றாகப் பிளந்து வைத்தாள். அழுகல் எல்லாவற்றிலும் காம்பு பிய்ந்த குழியில்தான் ஆரம்பித்திருந்தது.

"என்ற கை தினமும் பட்டது இது," என்றாள். "படாதது அது. எந்தக் கையில தீட்டு இருக்குதுன்னு இப்பச் சொல்லுங்க."

செங்கோடன் நல்ல காயில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார். பிறகு மாரப்பன் பக்கம் திரும்பாமலேயே, "ஏணிய எடுத்து சீரங்காயி கையில குடு," என்றார். பாவாயி ஓடிவந்து அம்மாவின் சேலையில் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டாள். வேலப்பன்தான் போய் ஏணியைத் தூக்கி வந்தான். அவ்வளவு தூரமாவது வந்தான்.

காய்களின் பேச்சு பிறகு ஒரு காலத்தில் நின்றுபோயிற்று. ஆடும் அதன்பின் ஆடுபோலத்தான் கத்தியது. ஆனால் சீரங்காயி அடுத்த மார்கழியிலும் காத்திருந்தாள், காம்பு விட்டு அறுத்தாள், வெயில் காட்டினாள், ஒன்றோடொன்று இடிக்காமல் பரணில் வைத்தாள். சித்திரையிலும் வைகாசியிலும் அந்த வீட்டில் குழம்பு கொதித்தது. அன்று முதல்தான் அரசாணிக்காயை நாலு விரற்கடை காம்போடு அறுக்கிறோம். பேசாத காய்க்குக் கொம்பு எதற்கு, அடுக்க எவ்வளவு சிரமம் என்று மாரப்பன் முனகியபோது ஏணி உச்சியில் நின்றபடி அவள் சொன்ன பதில் இது:

"அதுக்கு வாய் இருக்கட்டுமுங்க மாமா. இல்லாட்டி நீங்க சொல்றதுதான் நெசம்னு ஆயிருமுங்க."